அடம்பிடிக்கும் டிராக்டர் டயர்: வீட்டிலேயே கழற்றி மாட்டுவது எப்படி?

மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது. மண்ணில் உழவுக்கேற்ற பதம் இருக்கிறது. டிராக்டரை வயலில் இறக்கி நான்கு சால்கூட ஓட்டியிருக்க மாட்டீர்கள். முன் சக்கரம் சப்பையாகி உட்கார்ந்துவிடுகிறது. இறங்கிப் பார்த்தால் வரப்போரத்துச் சீமைக் கருவேல முள். பஞ்சர் கடையோ பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சக்கரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், அங்கே உங்களுக்கு முன்னால் நான்கு சக்கரங்கள் காத்திருக்கும். திரும்பி வருவதற்குள் நிலம் காய்ந்து கட்டி தட்டிவிடும்.

இந்த அவசரத்தில்தான் பலர் கடப்பாரையையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு தாங்களே டயரைக் கழற்ற உட்காருகிறார்கள். ஒரு மணி நேரம் போராடிய பிறகு, முள் குத்திய ஓர் ஓட்டைக்குப் பதிலாக டியூபில் மூன்று ஓட்டைகள் இருக்கும். ரிம்மின் ஓரம் வளைந்திருக்கும். சில சமயம் விரலும் நசுங்கியிருக்கும். உடம்பில் பலம் இல்லாததால் இப்படி ஆவதில்லை. பலத்தைத் தவறான இடத்தில் போடுவதால்தான் ஆகிறது. டயர் கழல்வதற்கு ரிம்மின் நடுவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அது தெரிந்தால் இரண்டடி நீள லீவர் இரண்டும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் போதும்.

எந்தச் சக்கரத்தை வீட்டில் கழற்றலாம்?

டிராக்டரின் முன் சக்கரம், பவர் டில்லர் சக்கரம், ஒரே துண்டாக உள்ள ரிம் பொருத்திய டிரெய்லர் சக்கரம் ஆகியவற்றை வீட்டில் கழற்றலாம். டயரின் பக்கவாட்டில் 6.00-16, 6.50-16, 7.50-16 என்பதுபோல் அளவு போட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. டியூப் வாங்கும்போது இந்த இரண்டு எண்களும் பொருந்த வேண்டும்.

கீழ்க்கண்டவற்றில் கை வைக்காதீர்கள்:

• பழைய லாரிச் சக்கரம் பூட்டிய டிரெய்லர்களில் ரிம்மின் ஒரு பக்கம் தனி இரும்பு வளையம் இருக்கும். ரிம்மைச் சுற்றிலும் ஒரு பிளவுக் கோடு தெரிவதை வைத்து அடையாளம் காணலாம். வளையம் சரியாக உட்காராமல் காற்றடித்தால், அது தெறித்து ஆளையே கொன்றுவிடும். இந்த ரிம்முக்குக் கூண்டு வைத்திருக்கும் கடைதான் சரியான இடம்.

• விரிசல் விட்ட ரிம், துரு தின்று மெலிந்த ரிம், ஓரக் கம்பி வெளியே தெரியும் டயர், காற்றில்லாமல் சுமையோடு வெகுதூரம் ஓடிய டயர்.

• தண்ணீர் நிரப்பிய பின் சக்கரம். இழுவைக்காகச் சிலர் பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவார்கள். ஒரு டயரில் நூறு லிட்டருக்கு மேல் இருக்கும். அந்த எடையோடு சக்கரம் சாய்ந்தால் இரண்டு ஆள் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது.

ஏன் கழல மறுக்கிறது?

டயரின் உள் ஓரத்தில், ரப்பருக்குள்ளே எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை ‘பீடு’ என்பார்கள். இந்த வளையம் நீளாது. எவ்வளவு நெம்பினாலும் ஒரு நூல்கூடப் பெரிதாகாது. ஆனால் அது தாண்டி வர வேண்டிய ரிம்மின் உதடு, வளையத்தைவிடப் பெரியது. சின்ன வளையம் பெரிய உதட்டைத் தாண்டுவது எப்படி?

ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். பீடின் ஒரு பக்கத்தை இந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், அந்த அளவுக்கு எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் பீடு உதட்டைத் தாண்டி வெளியே வரும். எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லையென்றால் நீங்கள் கம்பியை நீட்டப் பார்க்கிறீர்கள் என்று பொருள், அது நடக்காது. லீவர் கடினமாக இருந்தால் இன்னும் பலமாக அழுத்தாதீர்கள். எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து மேலே ஏறிவிட்டதா என்று பாருங்கள். இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி துரு. சேற்று உழவிலும் உரம் ஏற்றும் டிரெய்லரிலும் ஓடும் ரிம்முக்குள் தண்ணீரும் உப்பும் புகுந்து துருவாகிவிடும். நான்கைந்து வருடம் கழற்றாத டயர் ரிம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதை ஆசனத்திலிருந்து பெயர்ப்பதுதான் கடினமான கட்டம்.

தேவையான பொருட்கள்

முனை மழுங்கிய டயர் லீவர் இரண்டு அல்லது மூன்று, வால்வு பின் கழற்றும் சாவி, வீல் ஸ்பேனர், ஜாக்கி, முட்டுக் கொடுக்கக் கனமான கட்டைகள், ரப்பர் சுத்தியல், கம்பி பிரஷ், சோப்புத் தண்ணீர், சாக்பீஸ், டால்க் பவுடர், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ். லீவரின் முனையில் பிசிர் இருந்தால் அரம் கொண்டு தேய்த்து விடுங்கள். கடப்பாரையின் கூர்முனைதான் டியூபுக்கு முதல் எதிரி.

வழுக்கலுக்கு டீசல், பழைய எஞ்சின் ஆயில், கிரீஸ் எதையும் தடவக் கூடாது. அவை ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். பிறகு டயர் ரிம்மில் நழுவி வால்வை அறுத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். வேலை முடிந்ததும் அது காய்ந்துவிடும்.

சக்கரத்தை இறக்குதல்

டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

டிராக்டரின் முன் அச்சு நடுப்பின்னில் ஊஞ்சல்போல் ஆடக்கூடியது. அதனால் அச்சுக்கும் உடற்பகுதிக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு வைத்து ஆட்டத்தை நிறுத்திய பிறகே தூக்க வேண்டும். ஈர மண்ணில் ஜாக்கி புதையும் என்பதால் அடியில் அகலமான பலகை போடுங்கள். தூக்கியதும் அச்சுக்கு அடியில் கட்டை அடுக்கி முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

பெயர்த்தல்: பொறுமை வேண்டிய கட்டம்

சக்கரத்தைக் கீழே படுக்க வைத்து, வெளிப்பக்கம் எது என்று சாக்பீஸால் குறியுங்கள். வால்வுக்கு நேராக டயரின் மேலும் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடு பின்னால் பெரிதும் உதவும்.

வால்வு பின்னை முழுதாகக் கழற்றி, காற்று கடைசி மூச்சுவரை வெளியேறட்டும். கொஞ்சம் காற்று இருக்கும்போதே லீவரைப் போடுவதும், நட்டு போல்ட்டைக் கழற்றுவதும் ஆபத்து. பின் வழியில் முள், மண் அடைத்திருந்தால் காற்று போய்விட்டதுபோல் தோன்றும். மெல்லிய கம்பியை விட்டு அடைப்பைச் சோதியுங்கள். முகத்தை வால்வுக்கு நேரே வைக்காதீர்கள்.

ரிம்முக்கும் டயருக்கும் இடையே சுற்றிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு ரிம்மை ஒட்டி டயரின் மேல் குதிகாலால் மிதித்துக்கொண்டே சுற்றி வாருங்கள். முன் டயர் பலவும் இதிலேயே பெயர்ந்துவிடும். பெயரவில்லையென்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஏற்றம் இறைத்த நம் தாத்தாக்களின் வழி. சுமை ஏற்றிய டிரெய்லருக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி, அதன் பக்கத்தில் சக்கரத்தைப் படுக்க வையுங்கள். எட்டடி நீள உறுதியான கட்டையின் ஒரு முனையை டிரெய்லர் சட்டத்துக்கு அடியில் கொடுங்கள். அங்கிருந்து ஓரடி தள்ளி, கட்டைக்கும் டயருக்கும் இடையே ஒரு குட்டை முளையை ரிம் உதட்டை ஒட்டி நிறுத்துங்கள். கட்டையின் மறுமுனையில் உங்கள் எடையைப் போட்டால், ஏழு எட்டு மடங்கு விசை டயரில் இறங்கும்.

இரண்டாவது வழி ஜாக்கி. அதே டிரெய்லர் சட்டத்துக்கு அடியில் சக்கரத்தைத் தள்ளி, டயரின் மேல் ரிம்மை ஒட்டிச் சிறு பலகை வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்துங்கள். ஜாக்கியின் தலை சட்டத்தில் முட்டும்வரை உயர்த்தி, மேலும் மெதுவாக அழுத்தம் கொடுங்கள். டிரெய்லரின் எடை டயரைக் கீழே தள்ளும். ஜாக்கி சாய்ந்தால் உடனே நிறுத்தி நேராக வையுங்கள். முகமும் கையும் தள்ளியே இருக்கட்டும்.

இரண்டு வழியிலும் ஓரிடத்திலேயே முழுதாகப் பெயர்க்க நினைக்காதீர்கள். ஓரிடத்தில் சிறிது அழுத்தி, ஒரு சாண் நகர்ந்து மீண்டும் சோப்புத் தண்ணீர் விட்டு அழுத்துங்கள். இரண்டு சுற்றில் விட்டுக்கொடுக்கும். பிறகு சக்கரத்தைப் புரட்டி மறுபக்கமும் பெயர்க்க வேண்டும்.

எவ்வளவு பிடிவாதம் பிடித்தாலும் டயர் மாட்டிய ரிம்மை நெருப்பில் சூடாக்குவதோ, வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது. வெப்பத்தில் டயருக்குள் எரிவாயு உருவாகி வெடிக்கும். காற்று இறக்கிய டயருக்கும் இந்த ஆபத்து உண்டு. ரிம்மில் வெல்டிங் தேவையென்றால் டயரை முழுதாகக் கழற்றிய பிறகே பட்டறைக்குக் கொடுங்கள்.

லீவர் போடுதல்

சில ரிம்களில் பள்ளம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். பள்ளத்துக்கு அருகில் உள்ள உதட்டின் பக்கமாகத்தான் டயர் எளிதில் வரும். அந்தப் பக்கத்தை மேலே வையுங்கள்.

வால்வு இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கம் முழங்காலை ஊன்றி, பீடைப் பள்ளத்துக்குள் அழுத்திப் பிடியுங்கள். உதவிக்கு ஆள் இருந்தால் அவர் அங்கே ஏறி நிற்கட்டும். வால்வுக்கு ஒரு சாண் இடப்பக்கம் ஒரு லீவர், வலப்பக்கம் ஒரு லீவர். டியூபில் படாத அளவுக்கு, பீடைப் பிடிக்க எவ்வளவு ஆழம் தேவையோ அவ்வளவே நுழையுங்கள். முதல் லீவரைச் சாய்த்து மிதித்துக்கொண்டு இரண்டாவதைச் சாய்த்தால் பீடு வெளியே எட்டிப் பார்க்கும். அங்கிருந்து நான்கு விரல் அகலம் மட்டும் நகர்ந்து அடுத்த நெம்பு. பேராசைப்பட்டு ஒரு முழம் எடுத்தால் லீவர் தெறித்து முகத்தில் அடிக்கும். பாதிச் சுற்று வந்ததும் மீதி கையாலேயே வந்துவிடும்.

டியூபை எடுக்க ஒரு பக்கப் பீடு வெளியே வந்தாலே போதும். வால்வு நட்டைக் கழற்றி, வால்வை உள்ளே தள்ளி, டியூபை உருவுங்கள். ரிம் சுத்தம் செய்ய வேண்டுமானால் மட்டும் இரண்டாவது பீடையும் அதே முறையில் அதே பக்கமாக எடுங்கள்.

முள்ளைத் தேடுங்கள்

பஞ்சர் ஒட்டிவிட்டு முள்ளை டயரிலேயே விட்டுவிடுவதால்தான் மறுநாளே மீண்டும் சப்பையாகிறது. டியூபில் காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். அது வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, டயரில் போட்ட சாக்பீஸ் கோட்டிலிருந்து அதே தூரத்தில் இரண்டு பக்கமும் தேடினால் முள் அகப்படும். டயருக்குள் வெறுங்கையை விட்டுத் துழாவாதீர்கள். பழைய துணியைச் சுருட்டி உள்ளே தேய்த்து வந்தால் முள்ளோ கம்பியோ துணியைப் பிடித்துக்கொள்ளும். கருவேல முள் உள்ளேயே முறிந்திருக்கும்; குறடு கொண்டு முழுதாக உருவுங்கள்.

ஓட்டை டியூபின் உட்புறம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால் காரணம் முள் அல்ல, ரிம்மின் துரு. கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, நன்றாகக் காய விடுங்கள். அன்றே மாட்ட வேண்டிய அவசரம் என்றால் சுரண்டித் துடைத்துவிட்டாவது மாட்டுங்கள். பெயின்ட் அடிக்கும் வேலையை அறுவடை முடிந்த ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பிசுபிசுப்பாகும்வரை காத்திருந்து பேட்ச் ஒட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பேட்ச் நிற்காது.

திரும்ப மாட்டுதல்

டயரின் உட்புறத்தைத் துடைத்து, டால்க் பவுடர் தூவுங்கள். டியூப் உள்ளே ஒட்டாமல் நகர்ந்து, சுருக்கமில்லாமல் விரிய இது உதவும். இரண்டு பீடையும் கழற்றியிருந்தால் முதல் பீடைச் சோப்புத் தண்ணீர் தடவி ரிம்மில் ஏற்றுங்கள். டியூபில் வட்ட வடிவம் பிடிக்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வைத்து, வால்வைத் துளைக்குள் விடுங்கள். வால்வு நட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் மாட்டுங்கள், இறுக்க வேண்டாம்.

மாட்டும்போது கழற்றியதற்கு நேர்மாறு. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, வால்வில் முடிக்க வேண்டும். முதலில் உள்ளே போன பகுதியை முழங்காலால் பள்ளத்தில் அழுத்தி வைத்துக்கொண்டே இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக ஏற்றி வாருங்கள். கடைசி ஒரு சாண்தான் அடம்பிடிக்கும். அங்கே மீண்டும் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வைச் சற்று உள்ளே தள்ளி, பீடுக்கு அடியில் டியூப் சிக்கவில்லை என்று பார்த்துவிட்டு லீவரைப் போடுங்கள். ஒட்டிய டியூபில் புது ஓட்டை விழுவது பெரும்பாலும் இந்தக் கடைசி ஒரு சாணில்தான்.

காற்றடிக்கும்போதுதான் உயிர் பயம்

சக்கரத்தை அச்சில் மாட்டி, நட்டுகளை இறுக்கிய பிறகே காற்றடியுங்கள். தரையில் படுக்க வைத்து, மேலே குனிந்துகொண்டு அடிக்காதீர்கள். டயரின் பக்கவாட்டுக்கு நேரே நிற்காமல், தரையில் உருளும் பக்கத்துக்கு நேராகத் தள்ளி நில்லுங்கள். நீள ஹோஸும் தானே கவ்விக்கொள்ளும் முனையும் இருப்பது நல்லது. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் பீடு சரியாக உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் காற்றை முழுதாக இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மீண்டும் அடியுங்கள். பீடு உட்கார வேண்டும் என்பதற்காக 35 பவுண்டுக்கு மேல் காற்றேற்றக் கூடாது. கேஜ் இல்லாமல் ‘டொப்’ என்று சத்தம் கேட்கும்வரை அடிப்பது, பெட்ரோல் ஊற்றிப் பற்ற வைத்து டயரை உட்கார வைப்பது போன்ற வித்தைகளில் கையை இழந்தவர்கள் உண்டு.

சரியாக உட்கார்ந்ததும் ஒருமுறை காற்றை முழுதாக இறக்கி, மீண்டும் அடியுங்கள். உள்ளே டியூப் மடிந்திருந்தால் இதில் சரியாகிவிடும். பிறகு டிராக்டர் கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றை வைத்து, வால்வு நட்டை இறுக்கி, மூடியைப் போடுங்கள். வால்வு மூடி சேறு புகாமல் பின்னைக் காக்கும். வீல் நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே இறுக்குங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

பின் டயரைக் கடையில் மாட்டினாலும் கவனிக்க வேண்டியது

பின் டயரைத் திசை மாற்றி மாட்டிவிட்டால் சேற்றில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது. டிராக்டரின் பின்னால் நின்று பாருங்கள். பட்டைகள் சேரும் முனை, வீட்டுக் கூரையின் முகடுபோல் மேல்நோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறியும் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். தண்ணீர் நிரப்பியிருந்தால் அதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவசரம் வருமுன்

உழவு நாளில் முதன்முறையாக இதை முயலாதீர்கள். வேலையில்லாத ஒரு நாளில், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன் சக்கரம் ஒன்றைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் முறை அரை நாள்கூட ஆகலாம். அந்தச் சாக்கில் ரிம்மின் துருவையும் சுரண்டி வண்ணம் பூசிவிட்டால், அடுத்த முறை டயர் இவ்வளவு அடம்பிடிக்காது. உரம் ஏற்றி வந்த டிரெய்லரின் சக்கரங்களைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சரியான அளவில் ஒரு புது டியூப் வீட்டில் இருக்கட்டும். வயலில் டியூபை மாற்றிக்கொண்டு, பஞ்சரை இரவில் ஒட்டிக்கொள்ளலாம்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு யோசனை: லீவர், வால்வு சாவி, கேஜ், காற்றடிக்கும் பம்பு அடங்கிய பெட்டி ஒன்றை உழவர் குழுவுக்குப் பொதுவாக வாங்கி வைக்கச் செய்யலாம். இயந்திரப் பராமரிப்புப் பயிற்சி நடக்கும் நாளில், எஞ்சின் ஆயிலோடு இதையும் செய்முறையாகக் காட்டலாம். ரிம்மின் பள்ளத்தை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தவர் பிறகு சம்மட்டியைத் தேடமாட்டார்.

சந்தேகமான ரிம், வெடிப்பு விட்ட டயர் என்றால் மட்டும் யோசிக்காமல் கடைக்குக் கொண்டு போங்கள். ஒரு நாள் உழவு தள்ளிப் போனால் அடுத்த மழையில் பார்த்துக்கொள்ளலாம். கை போனால் திரும்பி வராது.